ராத்திரி ஒரு மணிக்குப் பசிக்கிறதே, டாக்டர்!

கேள்வி: எனக்கு வயது 43. உயரம் 158 செ.மீ., எடை 96 கிலோ. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். காலையில் வாயில் எதுவும் வைக்கப் பிடிக்காது; காபியிலேயே பதினொன்றரை வரை ஓட்டிவிடுவேன். ராத்திரி ஒன்பதுக்கு எல்லோருடனும் சாப்பிட்டுப் படுத்தால், ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் விழிப்பு. எதையாவது சாப்பிட்டால்தான் மறுபடி கண் அசரும். விளக்குப் போடாமல் ஃப்ரிட்ஜ் வெளிச்சத்திலேயே நின்றபடி தயிர்சாதம், மிக்சர், பிள்ளைகளின் பிஸ்கட். வாரத்தில் நாலு நாளாவது இப்படித்தான். "வீட்டில் எலி பெருத்துப்போச்சு" என்று கிண்டல் செய்கிறார் கணவர். மூன்று முறை டயட் சார்ட் வாங்கியும் எடை குறையவில்லை. எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லையா?
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: முதலில் அந்த எலி ஜோக்கை நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே வைத்துப் பார்த்தால், இது இரவு உணவுண்ணும் நோய்க்குறி மாதிரி இருக்கிறது. 1955-லேயே ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், உடல் பருமனுக்காக வந்தவர்களிடம் இதைக் கண்டு எழுதிவிட்டார். காலையில் பசியின்மை, ராத்திரி விழிப்பு, சாப்பிட்டால்தான் தூக்கம் என்ற நம்பிக்கை: உங்கள் கடிதத்தில் மூன்றுமே இருக்கின்றன. ஒரு நாள் சாப்பாட்டில் கால் பங்குக்கு மேல் இரவு உணவுக்கு அப்புறம் உள்ளே போவதும் ஓர் அடையாளம்.

தூக்கத்தின் கடிகாரம் ஏறக்குறைய சரியாக ஓட, பசியின் கடிகாரம் மட்டும் சில மணி நேரம் பின்தங்கிவிடுகிறது. இதில் மனக்கட்டுப்பாட்டைத் திட்டி என்ன பயன்? அடுப்பங்கரையைப் பூட்டி, சாவியைத் தாலிச் சரட்டில் கோத்துக்கொண்டு படுத்த ஓர் அம்மா என்னிடம் வந்தார். ஒரு மணிக்கு எழுந்தபோது சாவியும் கூடவேதானே எழுந்தது!

டயட் சார்ட்கள் பெரும்பாலும் ராத்திரிச் சாப்பாட்டில்தான் கை வைக்கும். உங்களுக்குக் காலையில் ஆரம்பிக்க வேண்டும். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் ஒரே ஒரு இட்லி. குமட்டினால் அரை இட்லி போதும். பத்து நாளில் இரண்டாக்குங்கள். காபி அதற்குப் பிறகுதான். ஒன்பது மணிச் சாப்பாட்டை எட்டுக்கு நகர்த்துங்கள். பட்டினி மட்டும் கிடக்காதீர்கள்.

தலைமாட்டில் ஒரு நோட்டு வையுங்கள். எத்தனை மணிக்கு விழித்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், மனதில் என்ன ஓடியது என்று இரண்டு வாரம் எழுதுங்கள். விழிப்பு வந்ததும் எழுந்துவிடாமல், கால் விரலில் தொடங்கித் தோள் வரை ஒவ்வொரு தசையாக இறுக்கித் தளர்த்திப் பாருங்கள். சாப்பிடாமலும் தூக்கம் வரும் என்பதை உடம்பு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். நடத்தைச் சிகிச்சையில் நாங்கள் செய்வதும் பெரும்பாலும் இதுதான். இதற்கு மசியாதவர்களுக்கு செர்ட்ரலின் போன்ற மாத்திரை கைகொடுப்பதுண்டு. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும்.

இன்னொன்றைத் தள்ளிப்போடாதீர்கள். சில சர்க்கரை மாத்திரைகள் நடுராத்திரியில் சர்க்கரையை மிகவும் இறக்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்போடு விழித்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் அது உண்மையிலேயே உடம்பு கேட்கும் சாப்பாடு. குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோ குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள்; மறுநாளே மருத்துவரிடம் சொல்லி மாத்திரை அளவை மாற்ற வேண்டும். சாப்பிட்டதே காலையில் நினைவில்லை என்றால் அது வேறு கோளாறு. சில தூக்க மாத்திரைகளாலும் வரும். நீங்கள் மிக்சர் வரை ஞாபகமாக எழுதியிருப்பதால் அந்தச் சந்தேகம் எனக்கில்லை.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு உண்டு. போகும்போது நோட்டையும் கடைசி ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். கணவரையும் கூட்டிப்போங்கள். மூச்சு அடைத்து அடைத்துக் குறட்டை விட்டாலும் ராத்திரி விழிப்பு வரும்; அப்படி விடுகிறீர்களா என்று அவரைத்தானே கேட்க முடியும்?