6 இன்ச் லிஃப்ட் கிட்டும் மூன்றாவது டாப்-அப்பும்

கேள்வி: பிக்கப் ட்ரக்கில் சரக்கு ஓட்டுகிறேன். கல் பாதையில் பின் டிஃபரென்ஷியல் (பின் அச்சின் நடுவில் தொங்கும் கியர் பெட்டி) அடிக்கடி பாறையில் தட்டுகிறது. வண்டியை உயரத் தூக்கும் 6 இன்ச் லிஃப்ட் கிட்டும் 35 இன்ச் டயரும் போடச் சொல்லி மைத்துனர் ஒற்றைக்காலில் நிற்கிறார். மெக்கானிக்கோ, முன்பக்கத்தை உயர்த்த சஸ்பென்ஷனில் வைக்கும் 2 இன்ச் ஸ்பேசர் துண்டு போதும் என்கிறார். வண்டி வாங்கி 6 வருடம் ஆகிறது, 5 வருடக் கடன்தான், ஆனால் நடுவில் அதே கடன் மேல் இரண்டு முறை டாப்-அப், அதாவது கூடுதல் கடன், வாங்கியதால் இன்னும் 40 மாதம் பாக்கி. தவணை ஏறவில்லை என்பதால் இதற்கும் டாப்-அப் வாங்கலாமா? கொட்டேஷன் இணைத்திருக்கிறேன்.

பதில்: கிட்டைப் பற்றி அப்புறம் பேசலாம். "தவணை ஏறவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கவலை அதில்தான். ஒவ்வொரு முறையும் பழைய பாக்கியையும் புதுக் கடனையும் ஒன்றாகச் சேர்த்து மறுபடி 60 மாதத்துக்கு நீட்டினால் தவணை எப்படி ஏறும்? போன வருடமே முடிந்திருக்க வேண்டிய கடன் இது.

உங்கள் கொட்டேஷனை, கிட் விலை 100 என்று வைத்துக் கணக்குப் போட்டேன். கிட் 100, பொருத்தும் கூலியும் வீல் அலைன்மென்ட்டும் சேர்த்து 30, டயர் 110. ஆக 240. 14 சதவீத வட்டியில் 60 மாதம் கட்டினால் சுமார் 335 ஆகிறது. வட்டி மட்டும் 95, கிட்டத்தட்ட இன்னொரு கிட்டின் விலை. இதில் பழைய பாக்கி மறுபடி நீள்வதற்கான வட்டியைச் சேர்க்கவே இல்லை. கடைக்காரர் வட்டியில்லாத் தவணை என்று சொன்னாலும் மயங்காதீர்கள். முழுப் பணமும் ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள், அவர் குறைக்கும் அந்தத் தொகைதான் வட்டி.

சரி, இத்தனை செலவு செய்தால் டிஃபரென்ஷியல் தட்டாமல் இருக்குமா? உங்கள் வண்டியில் பின் அச்சு ஒரே உருப்படி. லிஃப்ட் கிட் சேஸியையும் பாடியையும்தான் தூக்கும், அச்சு டயரோடுதான் நிற்கும், 6 இன்ச் என்ன 10 இன்ச் தூக்கினாலும் டிஃபரென்ஷியல் ஒரு நூல்கூட மேலே வராது. அதை உயர்த்துவது டயரின் விட்டம் மட்டுமே, அதிலும் பாதிதான் கிடைக்கும். இப்போதுள்ள 31 இன்ச்சிலிருந்து 35-க்குப் போனால் 2 இன்ச், 33-க்குப் போனால் 1 இன்ச். அந்த இன்னொரு இன்ச்சுக்காகத்தான் மைத்துனர் உங்களை இவ்வளவு கடனில் இறக்கப் பார்க்கிறார். ஆசை அவருடையது, தவணை கட்டப்போவது நீங்கள்.

35 போட்டால் செலவு அதோடு நிற்காது. ஸ்பீடோமீட்டரைத் திருத்தாவிட்டால் முள் 80 காட்டும்போது வண்டி 90-ல் போகும், சரக்கோடு மேடு ஏறும்போது இழுவை குறையும், அப்புறம் கியர் விகிதத்தை மாற்றச் சொல்வார்கள். சுமை ஏற்றும் வண்டிக்குப் புவியீர்ப்பு மையம் உயர்வதும் நல்லதல்ல, வளைவில் தெரியும். கிட் போட்டதால் அனுமதிக்கப்பட்ட எடையும் அதிகமாகிவிடாது.

மெக்கானிக் சொல்வதைக் கேளுங்கள், முன்பக்கம் 33 இன்ச் டயருக்கு இடம் கிடைக்கத்தான் அந்த ஸ்பேசர். அவருடைய கொட்டேஷனில் ஸ்பேசரும் அலைன்மென்ட்டும் சேர்த்தே, கிட் விலை 100 என்ற அதே கணக்கில், 25-க்குள் வருகிறது, அதைக் கைக்காசில் போடுங்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தாலும் 33 இன்ச் டயர் எங்கும் உரசாது என்பதை மட்டும் முதலிலேயே அவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். இப்போதுள்ள டயர் தேய்ந்து எப்படியும் மாற்றும்போது 33 வாங்கலாம், அதற்கு இன்றிலிருந்தே மாதாமாதம் தனியாக எடுத்து வையுங்கள். மாற்றம் செய்வதற்கு முன் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள், விபத்து நடந்த பிறகு இதைச் சொன்னால் இழப்பீடு சிக்கலாகிவிடும்.

டாப்-அப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வங்கிக்குப் போய் அசல் பாக்கி எவ்வளவு, இடையில் கூடுதலாகக் கட்டினால் அபராதம் உண்டா என்று எழுதி வாங்குங்கள். அபராதம் இல்லையென்றால், சரக்கு நன்றாக ஓடிய மாதங்களில் ஒரு தவணை கூடுதலாகக் கட்டுங்கள், தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.