கண்ணழுத்தம் கூடியதற்கு ஏ.ஆர்.டி. மாத்திரை காரணமா?

கேள்வி: எனக்கு வயது 44. எச்.ஐ.வி. தொற்றுக்கு ஏ.ஆர்.டி. மாத்திரைகளைப் பல ஆண்டுகளாகத் தவறாமல் எடுத்துவருகிறேன். கண்ணாடி மாற்றச் சென்றபோது இரு கண்களிலும் அழுத்தம் 26 இருப்பதாகச் சொன்னார்கள். மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா? எனக்கு எச்.ஐ.வி. இருப்பதைக் கண் மருத்துவரிடம் நான் சொல்லவில்லை. மாத்திரை தவிர, ஒவ்வாமைக்கு மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே மட்டுமே பயன்படுத்துகிறேன்.

பதில்: மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம். கண்ணழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். 26 என்பது கூடுதல்தான் என்றாலும், அந்த எண்ணை மட்டும் வைத்துக் கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) என்று முடிவு செய்ய முடியாது. கருவிழிப் படலம் தடித்திருந்தாலே கருவி சற்றுக் கூட்டிக் காட்டும். எச்.ஐ.வி. தொற்று தானாகக் கண்ணழுத்தத்தை உயர்த்துவதாகவும் கருத இயலாது, சி.டி.4 எனும் நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை மிகவும் குறைந்தவர்களிடம் அழுத்தம் மற்றவர்களைவிடத் தாழ்ந்திருப்பதையே ஆய்வுகள் காட்டியுள்ளன.

நீங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்ட அந்த ஸ்ப்ரேதான் எனக்குக் கவலை தருகிறது. அதில் புளூட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டு இருந்து, உங்கள் மாத்திரைகளில் ரிடோனவிர் அல்லது கோபிசிஸ்டாட் இருந்தால், ஸ்டீராய்டைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை அவை தடுத்துவிடுவதால், மூக்கோடு நிற்க வேண்டிய மருந்து உடல் முழுவதும் தேங்கி, கண்ணழுத்தத்தையும் உயர்த்தக்கூடும். ஸ்டீராய்டு கலந்த கண் சொட்டு மருந்துக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். ஆனால் ஸ்ப்ரேயை நீங்களாகச் சட்டென்று விட்டுவிடாதீர்கள். தேங்கிய ஸ்டீராய்டால் அட்ரீனல் சுரப்பி அடங்கிப்போயிருந்தால் அது ஆபத்தாகலாம். பெக்லோமெத்தசோன் போன்ற மாற்று மருந்தை மருத்துவர் பரிந்துரைக்க முடியும்.

ஆகவே எல்லா மருந்துகளின் பெயர்களையும் எழுதிக்கொண்டு, கண் மருத்துவரைத் தனியே சந்தித்து, உங்கள் நிலையைச் சொல்லிவிடுங்கள். உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்த விவரம் இல்லாமல் அவரால் காரணத்தைத் தேட முடியாது. கண்ணீரால் எச்.ஐ.வி. பரவுவதில்லை, அழுத்தம் பார்க்கும் கருவியின் முனையை எல்லா நோயாளிகளுக்குமே கிருமிநீக்கம் செய்துதான் பயன்படுத்த வேண்டும். பார்வை நரம்பு, பார்வைப் புலம், கண்ணின் வடிகால் கோணம் ஆகியவற்றையும் அவர் பரிசோதிப்பார். சொட்டு மருந்து எழுதினால், ஆஸ்துமாவோ சிறுநீரகக் கோளாறோ இருப்பின் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

கண் நீர் அழுத்த நோயில் போன பார்வை திரும்புவதில்லை, அதுவும் பெரும்பாலும் வலியின்றியே போகிறது என்பதால், இந்தச் சந்திப்பைத் தள்ளிப்போடாதீர்கள். கோட்ரைமாக்சசோல் போன்ற சல்ஃபா மருந்து தொடங்கிய சில நாட்களில் இரு கண்களிலும் வலியும் மங்கலும் ஏற்பட்டாலோ, எப்போதேனும் பார்வையில் திடீரென மிதக்கும் புள்ளிகளோ ஒளிக்கீற்றுகளோ தோன்றினாலோ, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.