அமைச்சர் சில கேள்விகளுக்கு மட்டும் எழுந்து பதில் சொல்வது ஏன்?
மக்களவையில் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளுக்குத்தான் வாய்மொழிப் பதில். குலுக்கலில் தேர்வாகும் அவை ஒரு நாளைக்கு 20. குறியில்லாத 230 வரை எழுத்துப் பதிலோடு சரி. கேள்வி நேரமோ காலை 11 முதல் 12 வரைதான். அந்த 20-ம் முடிவதே அபூர்வம்.

சுவாரசியமெல்லாம், பதிலைத் தொடர்ந்து அவையிலேயே எழுப்பும் துணைக்கேள்வியில். பயிர்க் காப்பீடு பற்றி அதிகாரிகள் எழுதித் தந்ததை அமைச்சர் தாக்கல் செய்துவிடுவார். “என் தொகுதிக்கு ஏன் இன்னும் பணம் வரவில்லை?” என்று எம்.பி. மடக்கினால் அவரேதான் சமாளிக்க வேண்டும். வேளாண்மையும் பொதுச் சுகாதாரமும் மாநிலப் பட்டியலில் (மாநிலங்களின் அதிகாரத்துக்கு அரசமைப்புச் சட்டம் ஒதுக்கிய துறைகள்) இருப்பதால், ‘அது மாநில அரசின் பொறுப்பு’ என்று அடிக்கடி கேட்கலாம். சட்டப்படி சரி; நழுவவும் வசதி!

அப்புறம், எழுத்துப் பதில்களை ஒதுக்கிவிடாதீர்கள். மாநிலவாரி, சில சமயம் மாவட்டவாரி அட்டவணைகள் அவற்றின் இணைப்பில்தான் இருக்கும்.