எச்-இன்டெக்ஸ் 40: பெருமைப்படலாமா?

வணக்கம் ஐயா,

எங்கள் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்த ஒருவர் இன்று பாலிமர் (பிளாஸ்டிக், ரப்பர் போன்றவை) துறையில் பேராசிரியர். அவருடைய எச்-இன்டெக்ஸ் 40, உலகின் முதல் 2 விழுக்காட்டு விஞ்ஞானிகளில் ஒருவர் என்று வாட்ஸ்அப்பில் வாழ்த்துப் படம் சுற்றுகிறது. சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த எண்களுக்கு என்ன பொருள்? என் மகளும் பாலிமரில் முனைவர் பட்டம் செய்யப் போகிறாள். எண் பெரிதாக உள்ளவரிடமே சேர்த்துவிடலாமா?

வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் படம் கோலாலம்பூர் வரை வந்துவிட்டது. தாராளமாகப் பெருமைப்படுங்கள்.

எச்-இன்டெக்ஸ் 40 என்றால், அவர் எழுதியவற்றில் 40 கட்டுரைகள் ஒவ்வொன்றும் மற்ற ஆய்வுக் கட்டுரைகளில் குறைந்தது 40 முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன. ஒரே ஒரு கட்டுரை எழுதி, அது 5,000 முறை மேற்கோளானாலும் எச்-இன்டெக்ஸ் 1தான். ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் கொண்டுவந்த கணக்கு இது. பாலிமர் துறையில் ஆட்களும் அதிகம், கட்டுரைகளும் அதிகம். எண் சீக்கிரம் ஏறும். கணிதத்தில் அப்படி ஏறாது; கணிதப் பேராசிரியரின் எண்ணை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் கணிதக்காரருக்கு அநியாயம். எங்கே எடுத்த எண் என்பதும் முக்கியம். கூகுள் ஸ்காலர் என்ற தேடுதளம் ஆய்வேடுகள் வரை அள்ளிச் சேர்க்கும். ஸ்கோப்பஸ் என்ற தரவுத்தளம், தான் தேர்ந்தெடுத்த இதழ்களோடு பெரும்பாலும் நின்றுவிடும்.

2 விழுக்காடு என்பது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் அயோனிடிஸ் குழு வெளியிடும் பட்டியல். அதில் இரண்டு வகை: முழுப் பணிக்காலத்துக்கு ஒன்று, ஓர் ஆண்டுக்கு மட்டும் ஒன்று. எதில் இடம்பெற்றார் என்று வாழ்த்துப் படம் போடுபவர்கள் சொல்வதே இல்லை. தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டியதைக் கழித்த கணக்கும் அதிலேயே இருக்கிறது. நானாக இருந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

மேற்கோளே எப்படி விழுகிறது என்று பாருங்கள். செம்பனைக் குலை நார் கலந்த பிளாஸ்டிக் பற்றி ஒருவர் எழுதுகிறார். முன்னுரையில், ‘இயற்கை நார் மலிவானது, எடை குறைந்தது’ என்று ஒரு வரி. வரி முடிவில் அடைப்புக்குறிக்குள் 3 முதல் 17 வரை. ஆக, 15 கட்டுரைகளுக்கு ஆளுக்கொரு மேற்கோள். எழுதியவர் அத்தனையையும் படித்தாரா என்பது அவருக்கே வெளிச்சம். இன்னொருவர், பழைய கட்டுரை ஒன்றில் இருந்த ரப்பர் கலவையை அப்படியே தயாரித்து, கந்தக அளவை மட்டும் மாற்றி, இழுத்துச் சோதித்து, மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார். அந்தப் பழைய கட்டுரைக்குக் கிடைப்பதும் ஒரே மேற்கோள்தான். கணக்குப் புத்தகத்தில் இரண்டும் ஒன்று!

எண்ணில் ஏறாத வேலையும் உண்டு. தோட்டத்துக்காரர் நீங்கள், எளிதில் புரியும். அப்போதெல்லாம் ரப்பர் ஷீட்டைக் கண்ணால் பார்த்துத்தான் தரம் பிரித்தார்கள். 1965இல் எஸ்.எம்.ஆர். என்ற மலேசிய ரப்பர் தர முறை வந்தது. அழுக்கு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று ஆய்வுக்கூடத்தில் அளந்து விற்கத் தொடங்கினார்கள். மங்கில் (மரத்தில் பால் வடியும் கிண்ணத்தில்) உறைந்த ரப்பர் கட்டிப்பால்கூட அளந்து தரம் போட்ட சரக்காகி டயர் தொழிற்சாலைக்குப் போனது. மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 ரக ரப்பர் கன்றைத் தென் தாய்லாந்தில் நட்ட விவசாயி யாரையும் மேற்கோள் காட்டவில்லை. ஹெர்மன் ஸ்டாடிங்கர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1920இல், பாலிமர் என்பது நீளமான ஒற்றை மூலக்கூறு என்று எழுதியபோது பலர் ஏற்கவில்லை. நோபல் கிடைத்தது 1953இல். இன்று பாலிமர் கட்டுரை ஒவ்வொன்றும் அவர் போட்ட அடித்தளத்தில் நிற்கிறது, ஆனால் அவருடைய 1920ஆம் ஆண்டுக் கட்டுரையைக் குறிப்பிடுபவர் அபூர்வம்.

சரி, மகள் விஷயம். எண்ணை மட்டும் பார்த்துச் சேர்க்காதீர்கள். அந்தப் பேராசிரியரின் கடந்த ஐந்தாண்டுக் கட்டுரைகளை எடுத்து, எழுதியவர்கள் பட்டியலில் முதலில் யார் பெயர் இருக்கிறது என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். மாணவர்கள் பெயர் முதலில் வந்தால் நல்ல அறிகுறி. எத்தனை பேர் பட்டம் முடித்தார்கள், எத்தனை பேர் பாதியில் போனார்கள் என்பதையும் விசாரிக்கட்டும். நிபோங் தெபாலில் உள்ள யு.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பொறியியல் வளாகம் உங்களுக்குப் பக்கம்தானே? ஒரு நாள் போய், கேன்டீனில் சீனியர்களிடம் பேசட்டும். இழுவைச் சோதனை இயந்திரத்துக்கு எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும், எழுதிக் கொடுத்த அத்தியாயத்தை அவர் எப்போது திருப்பித் தருகிறார் என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும். அப்புறம், அவர் எழுதிய கட்டுரை ஒன்றை அவள் முழுதாகப் படிக்க வேண்டும். நடுவிலேயே கொட்டாவி வந்தால், எச்-இன்டெக்ஸ் 80 இருந்தாலும் வேறு ஆளைத் தேடலாம்.

மகளுக்கு என் வாழ்த்துகள்.

அன்புடன்