கஜகஸ்தான் புல்வெளி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: வெறும் புல்தரைதானே, உழுததில் என்ன நஷ்டம்?

அப்படி நினைத்துத்தான் 1954-இல் குருஷ்சேவ் தலைமையிலான சோவியத் அரசு டிராக்டர்களை இறக்கியது. சில ஆண்டுகளில் கஜகஸ்தானில் மட்டும் சுமார் 2.5 கோடி ஹெக்டேர் உழுதாயிற்று. 1956-இல் கோதுமை அமோகம். 1960-களின் தொடக்கத்தில் புழுதிப் புயல். ஆண்டுக்கு 300 மி.மீ. அளவே மழை பெய்யும் அந்த நிலத்தில் மண்ணைப் பிடித்து வைத்திருப்பது வேர்தான். அங்கே வளரும் இறகுப்புல்லை ஆடு கடித்தால் மறுபடி துளிர்க்கும். கலப்பை வேரோடு புரட்டிப் போட்டால் போச்சு.

கே: தரிசாக விட்டால் பழைய புல் திரும்புமா?

திரும்பும், ஆனால் அரைகுறையாக. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு கோடிக்கணக்கான ஏக்கர் கைவிடப்பட்டதால் இதைக் கண்ணாரப் பார்க்க முடிந்தது. முதலில் ஓராண்டுக் களைகள், அப்புறம் மாசிபத்திரி இனச் செடிகள், பிறகு இறகுப்புல். அதன் விதையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: கூர்முனை, பின்னால் நீண்ட இறகுவால். காற்றில் பறந்து விழும். ஈரம் பட்டுக் காயும்போதெல்லாம் வால் முறுக்கி அவிழ்ந்து, விதையை மண்ணுக்குள் திருகி இறக்கிவிடும். பக்கத்தில் உழாத நிலம் இருந்தால்தான் இந்த விதை வந்து சேரும். தூரத்தில் நின்று பார்த்தால் பழைய புல்வெளி போலவே தெரியும். குனிந்து எண்ணினால் செடி வகைகள் குறைவு.

கே: மரம் நடலாமே?

வேண்டாம். வயலோரக் காற்றுத்தடுப்புக்குச் சரி. புல்வெளி முழுக்க நட அங்கே தண்ணீர் போதாது.

கே: அப்படியானால் மேய்ச்சலையாவது தடை செய்யலாமா?

கூடவே கூடாது. நாடோடி மேய்ப்பர்கள் பருவத்துக்குப் பருவம் மந்தையை நகர்த்தினார்கள். 1930-களின் கட்டாயக் கூட்டுப்பண்ணை அதை உடைத்தது. இப்போது சிக்கல் இரண்டு பக்கமும். ஊரைச் சுற்றி மந்தைகள் நிலம் மொட்டையாகும்வரை மேய்கின்றன. ஆடு தின்னாத கசப்புச் செடிகள்தான் மிச்சம். தொலைவிலோ மேய மந்தை இல்லாமல் காய்ந்த புல் சேர்ந்து, கோடையில் தீ பரவுகிறது. அந்தப் புல்லை மேய்வதால், அங்கே வாழும் சைகா மான்கள் பெருகுவது நல்லது. ஆனால் பயிரில் இறங்குவதால் விவசாயிகளுக்கு அவற்றின்மேல் கோபம், அதுவும் நியாயமானதே.

கே: தரிசை மறுபடி உழுகிறார்களாமே?

ஆமாம், 2000-க்குப் பிறகு நிறையவே. உழுவதே ஆனால் அறுத்த பயிரின் தாளை வயலிலேயே விடட்டும். வட கஜகஸ்தானின் ஷோர்தாந்தி ஊரில் வேளாண் விஞ்ஞானி பராயெவ் அன்றே வலியுறுத்திய முறை அது. இறகுப்புல் அடர்ந்துவிட்ட பழைய தரிசை மட்டும் தொடவேண்டாம்.