பதில்: லேத்துக்கு எந்த ஆசிலோஸ்கோப்?

அம்மாப்பேட்டை நண்பருக்கு வணக்கம். வீட்டுப் பட்டறை லேத்தின் (கடைசல் இயந்திரத்தின்) மின் சிக்னல்களைத் திரையில் அலைவடிவமாகப் பார்க்க எந்த ஆசிலோஸ்கோப் வாங்கலாம், ஒரே நேரத்தில் இரண்டு சிக்னல்களைக் காட்டும் இரண்டு சேனல் 200 மெகாஹெர்ட்ஸா, நான்கைக் காட்டும் நான்கு சேனல் 50 மெகாஹெர்ட்ஸா என்று கேட்டிருந்தீர்கள். மெகாஹெர்ட்ஸ் எண் கூடினால் இன்னும் வேகமான சிக்னலைக் காட்டும். தயங்காமல் நான்கு சேனலையே வாங்குங்கள். மோட்டாரைச் சிறு சிறு அடிகளாகத் திருப்பும் ஸ்டெப்பர் டிரைவருக்குப் போகும் துடிப்பு சில மைக்ரோவிநாடி அகலம். அதற்கு 50 மெகாஹெர்ட்ஸ் தாராளம். சுழற்சியை அளக்கும் என்கோடரின் ஏ, பி, இசட் சிக்னல்கள் மூன்றையும் ஒரே திரையில் பார்த்தால்தான் துடிப்பு எங்கே தவறுகிறது என்பது பிடிபடும். அப்படிப்பட்ட நான்கு சேனல் கருவியான ரைகால் டிஎஸ்1054இசட் போதும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: ஸ்பிண்டில் (சுழலும் தண்டு) மோட்டாரின் வேகத்தை மாற்றும் விஎஃப்டியின் வெளியீட்டில் ஆசிலோஸ்கோப்பின் சாதாரண புரோபை (அளவிடும் முனையை) மாட்டிவிடாதீர்கள். அதன் தரைக் கிளிப் மின் இணைப்பின் எர்த்தோடு சேர்ந்தது. தொட்ட நொடியில் ஷார்ட் ஆகிவிடும். கருவியின் எர்த்தைக் கழற்றிவிடச் சிலர் சொல்வார்கள். அப்போது அதன் உலோகப் பகுதிகளிலேயே மின்சாரம் ஏறி நிற்கும். அதனால், எர்த்தோடு சேராமல் இரு புள்ளிகளுக்கு இடையிலான மின்னழுத்தத்தை அளக்கும் டிஃபரென்ஷியல் புரோபுக்கும் பணம் ஒதுக்குங்கள். சூரமங்கலம் பக்கம் வந்தால் என்னுடையதை எடுத்துப்போய்ச் சோதித்துப் பாருங்கள்.