சினிமா கேள்வி – பதில்: யார் யாரை ஏமாற்றுகிறார்கள்?

கேள்வி: ஜூலியா ராபர்ட்ஸ், கிளைவ் ஓவன் நடித்த ‘டூப்ளிசிட்டி’ (2009) பார்த்தோம். ஒற்றர்களின் காதல் கதை என்று நம்பி உட்கார்ந்தால் பாதிப் படத்திலேயே தலை சுற்றிவிட்டது. கதைதான் என்ன?

பதில்: முடிவையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். படம் பார்க்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

2003, துபாய். சி.ஐ.ஏ. உளவாளியான அவள் (ராபர்ட்ஸ்), பிரிட்டனின் எம்.ஐ.6 உளவாளியான அவனுக்கு (ஓவன்) மயக்க மருந்து கொடுத்துவிட்டு ரகசிய ஆவணத்தோடு கம்பி நீட்டுகிறாள். 5 ஆண்டு கழித்து நியூயார்க். இப்போது இருவரும் அரசு வேலையில் இல்லை. ஒன்றையொன்று அழிக்கத் துடிக்கும் இரண்டு பெரிய கம்பெனிகளுக்காக வேவு பார்க்கிறார்கள். அவள் வேலை பார்ப்பது ஒரு கம்பெனியில். விசுவாசம் எதிர்க் கம்பெனிக்கு. அவளிடம் தகவல் வாங்க அந்த எதிர்க் கம்பெனி அனுப்பும் ஆள் அவன். இது மேல் அடுக்கு. அடியில், காதலர்கள் இருவரும் கூட்டு: வழுக்கையில் முடி முளைக்கவைக்கும் ஃபார்முலாவைச் சுட்டு, தனியாக விற்றுக் காசு பார்ப்பது திட்டம். அதற்கும் அடியில், ஃபார்முலாவே டூப்பு! போட்டி முதலாளியின் காதில் பூச்சுற்ற, அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் முதலாளி விரித்த வலை அது. காதலர்கள் அதில் வெறும் தபால்காரர்கள்.

கேள்வி: ஃபிளாஷ்பேக் அதிகமாகிவிட்டதுதானே குழப்பத்துக்குக் காரணம்?

பதில்: பழியை அதன்மேல் மட்டும் போடாதீர்கள். பின்கதைக் காட்சிகள் ஒழுங்காக முன்னோக்கித்தான் வருகின்றன. இடமும் காலமும் எழுத்தில் போடுகிறார்கள். ஒரு தாளில் இரண்டு பத்தி பிரித்து, இடப்பக்கம் நியூயார்க் காட்சிகளையும் வலப்பக்கம் பின்கதையையும் குறித்துக்கொண்டே பாருங்கள். காலக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தீராதது வேறொன்று. நியூயார்க்கில் இருவரும் சந்தித்ததும் துபாய் விவகாரத்தை இழுத்துச் சண்டை போடுகிறார்கள். பிறகு, ரோமில் நடக்கும் பின்கதையில் ஏறக்குறைய அதே வசனம். நியூயார்க்கில் பேசியது, ஒட்டுக்கேட்பவர்களுக்காக ஒத்திகை பார்த்த நாடகம் என்று அப்புறம்தான் தெரிகிறது. தனியாகப் பார்த்தால் அபாரமான உத்தி. ஆனால் ஒரு கோபம் நடிப்பு என்று தெரிந்துவிட்டால், அடுத்து வரும் முத்தத்தை மட்டும் எப்படி நம்புவது? யார் பக்கம் நிற்பது என்று ரசிகனுக்குத் தெரியாமல் போகிறது. எழுதி இயக்கிய டோனி கில்ராய் சறுக்கிய இடம் இதுதான்.

கேள்வி: ஒற்றர் காதலை வைத்துக் குறும்படம் எழுதுகிறேன். குழப்பம் வராமல் இருக்க என்ன செய்யலாம்?

பதில்: காட்சிவாரியாக மூன்று கட்டம் போடுங்கள்: அவளுக்குத் தெரிந்தது, அவனுக்குத் தெரிந்தது, பார்ப்பவருக்குத் தெரிந்தது. மூன்றாவது கட்டம் தொடர்ந்து பல காட்சிகளுக்குக் காலியாக இருந்தால் உங்கள் ரசிகர் செல்போனை எடுத்துவிடுவார். பொருளை எவ்வளவு வேண்டுமானாலும் ஒளியுங்கள், மனசை ஒளிக்காதீர்கள்.

ஹிட்ச்காக்கின் ‘நொட்டோரியஸ்’ (1946) படத்தை இந்தக் கட்டங்களை வைத்துப் பாருங்கள். உளவு பார்ப்பதற்காக வேறொருவனை மணக்கும் நாயகியும், அவளோடு வேலை செய்யும் உளவதிகாரியும் காதலிப்பது நமக்குத் தெரியும். வாய்விட்டுச் சொல்லாமல் வதைபடுவது அவர்கள்தான். விருந்துக் காட்சியில் கேமரா உயரத்திலிருந்து இறங்கி, நாயகி இங்க்ரிட் பெர்க்மன் கைக்குள் இருக்கும் சாவியில் வந்து நிற்கும். அது நிலவறைச் சாவி. மேலே ஷாம்பெயின் பாட்டில்கள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. தீர்ந்தால் இன்னும் எடுக்கக் கணவன் கீழே வருவான், அங்கே துப்புத் தேடும் காதலர்கள் மாட்டிக்கொள்வார்கள். நிலவறை பாட்டிலில் இருப்பது யுரேனியமா வேறெதுவுமா என்று யார் கவலைப்பட்டார்கள்? ஒரு சாவி, குறையும் பாட்டில்கள், பயம் வந்துவிட்டது. ‘டூப்ளிசிட்டி’யில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதே கடைசிவரை உறைப்பதில்லை. வேலை போகும், பணம் போகும், அவ்வளவுதான்.

கேள்வி: நடிகர்கள் மேல் குறை உண்டா?

பதில்: இல்லை. இதே ஜோடி ‘க்ளோசர்’ (2004) படத்தில் என்ன போடு போட்டது!

கேள்வி: இரண்டாம் முறை பார்க்கலாமா?

பதில்: முடிவு தெரிந்தபின் ஒத்திகைக் காட்சிகள் நிச்சயம் கூடுதலாக ருசிக்கும். அதற்குப் பொறுமை இல்லையென்றால் டைட்டில் காட்சி போதும். மழையில், விமானங்களுக்கு முன்னால், கோட்டு சூட்டோடு டாம் வில்கின்சனும் பால் ஜியாமட்டியும் ஸ்லோமோஷனில் கட்டிப்புரள்கிறார்கள். வசனமே கேட்காது, இரண்டு முதலாளிகளின் பகை முழுசாகப் புரிந்துவிடும்.